எட்டு போட்டால் மஸ்கி

வாழ்நாளில் இனி ஒரே ஒரு மீனைத்தான் தேடிப் போகலாம் என்று யாராவது எனக்கு நிபந்தனை போட்டால், ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். மஸ்கி! அதுவும் ஃப்ளை தூண்டிலில். அதுவும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து வடகோடியில், மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்து ஆற்றில் மிதந்து வரும் அக்டோபர் மாதத்தில். சால்மன் பிடித்தவர்கள் சண்டைக்கு வரலாம். ஃப்ளோரிடாவில் டார்ப்பன் பிடித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். வரட்டும், சிரிக்கட்டும். படகிலிருந்து கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒரு கை நீளத்தையும் தாண்டிய மீன் ஒன்று வாயைப் பிளப்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள்.

ஃப்ளை ஃபிஷிங் என்றாலே பலருக்கும் ஒரு படம்தான் மனதில் வரும்: மலையோடை, தொப்பி வைத்த பெரியவர், சுண்டுவிரல் பருமனில் கோல், நகக்கண் அளவில் ஈ மாதிரி ஒரு பொய்யிரை, அதைக் கவ்வும் ட்ரவுட். அழகான கலைதான், மறுக்கவில்லை. அதன் அடிப்படை இதுதான். நம் ஊர்த் தூண்டிலில் ஈயமோ இரையோ கனமாக இருக்கும், அந்தக் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளை தூண்டிலில் இது தலைகீழ். இறகாலும் மயிராலும் கட்டிய இரைக்குக் கனமே கிடையாது. தடித்த பூச்சுள்ள லைன்தான் கனம். கோலை முன்னும் பின்னும் ஆட்டி லைனைக் காற்றில் விரித்தால், அது இரையைத் தூக்கிக்கொண்டு போகும். இப்படிக் கனமில்லாத ஒன்றைப் பறக்கவிடுவதற்காகப் பிறந்த முறையில், ஒரு முழம் நீளப் பொய்யிரையைக் கட்டி, வாத்துக் குஞ்சை விழுங்கும் மீனைப் பிடிக்கலாம் என்று முதலில் நினைத்தவருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! அந்தத் துணிச்சல்காரர்கள் எல்லாருக்கும் நான் கோயில் கட்டத் தயார்.

மஸ்கி என்பது செல்லப் பெயர். முழுப்பெயர் மஸ்கலஞ்ச். பைக் குடும்பத்திலேயே இதுதான் பெரியது. வட அமெரிக்காவைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாகக் கிடையாது. விஸ்கான்சின் 1955இல் இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. தட்டையாக நீண்ட மூஞ்சி, மேல்நோக்கிய கண்கள், பச்சையும் வெண்கலமும் கலந்த விலாவில் மங்கலான கரும்பட்டைகள். வாய்க்குள் பார்த்தால் கீழ்த்தாடையில் நாய்ப்பல் போன்ற பெரிய பற்கள், அண்ணத்தில் உள்பக்கமாகச் சாய்ந்த நூற்றுக்கணக்கான பொடிப் பற்கள். உள்ளே போன எதற்கும் திரும்பி வரும் வழி கிடையாது. சக்கர், பெர்ச், சிஸ்கோ போன்ற மீன்கள்தான் அன்றாடச் சாப்பாடு. வசமாகக் கிடைத்தால் தவளை, வாத்துக் குஞ்சு, நீரெலி எதையும் விடாது.

முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலை ஒட்டியே இருக்கின்றன. உடம்பின் பின்பாதி முழுவதுமே ஒரு பெரிய உந்துவிசை. நின்ற இடத்திலிருந்து ஒரே உதையில் பாய்வதற்காகவே செய்த உடம்பு. நாள் முழுக்கச் சுற்றித் திரியும் மீன் இல்லை இது. விழுந்து கிடக்கும் மரத்தடியில், நீர்ப்பாசி விளிம்பில், அசையாமல் நிற்கும். ஆய்வகத்தில் இதன் கண்ணை மறைத்து வைத்துச் சோதித்திருக்கிறார்கள். தூரத்திலுள்ள இரையைக் கவனித்து மெல்ல நெருங்குவதற்குக் கண் வேண்டியிருக்கிறது. ஆனால் கிட்டே வந்துவிட்ட இரையைக் கண் இல்லாமலேயே, விலாவில் ஓடும் பக்கக்கோட்டு உணர்வை வைத்தே கவ்விவிடுகிறது. தண்ணீர் எப்படித் தள்ளப்படுகிறது என்பதை உடம்பால் கேட்கிற மீன்! இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், மஸ்கிக்கான இரைகளுக்கு ஏன் அவ்வளவு பெரிய தலை கட்டுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. அந்தத் தலை அழகுக்கு இல்லை, தண்ணீரைத் தள்ளுவதற்கு.

இனி சாமான்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், இங்கே நான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

ஃப்ளை கோல்களுக்கு நம்பர் உண்டு. ட்ரவுட்டுக்கு ஐந்தாம் நம்பர் போதும். மஸ்கிக்குப் பத்து, பதினொன்று, ஆள் திடகாத்திரமாக இருந்தால் பன்னிரண்டு. நம்பர் என்பது லைனின் முதல் முப்பதடி எடையை வைத்து வருவது. ஐந்தாம் நம்பருக்கு அது 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். எங்கள் படகில் இருந்த மஸ்கி லைன்களின் தலைப்பகுதியோ 400 கிரெய்ன், சுமார் 26 கிராம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒன்பதடி கார்பன் கோலில் அந்த எடை பின்னால் விரிந்து கோலை வளைக்கும்போது, தோள்பட்டையில் ஒரு சுகமான பாரம் இறங்கும் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம்.

கோலின் அடிப்பக்கத்தில் கைப்பிடிக்குக் கீழே இன்னொரு நீளமான தக்கைப் பிடி இருக்கும். கடையில் முதன்முதலில் பார்த்தபோது, மீனோடு மல்லுக்கட்டும்போது வயிற்றில் ஊன்றிக்கொள்வதற்கு என்றுதான் எண்ணினேன். அதற்கும் உதவும். ஆனால் அதன் உண்மையான வேலை படகோரத்தில் இரண்டு கையாலும் கோலைப் பிடித்துத் தண்ணீருக்குள் சுழற்றுவது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு இதை மட்டும் நினைவில் வையுங்கள்: மஸ்கிச் சாமான் ஒவ்வொன்றும் கடைசி மூன்றடித் தண்ணீரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

லைனில் மூன்று வகையாவது வேண்டும். மேல்மட்டத்தில் இரையை ஓட்டுவதற்கு மிதக்கும் லைன். இரண்டு மூன்று அடி ஆழத்துக்கு மெதுவாக அமிழும் லைன். இலையுதிர் காலத்தில் மீன் ஆழத்துக்குப் போய்விட்டால் நொடிக்கு ஆறு அங்குலம் இறங்கும் லைன். லைனையும் இரையையும் இணைக்கும் நரம்புக்கு லீடர் என்று பெயர்; ட்ரவுட்காரர்கள் ஒன்பதடி, பன்னிரண்டடி லீடரைத் தலைமயிர்போல மெலிந்துகொண்டே போகும்படி கட்டுவார்கள். இங்கே அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. மூன்றடி, நான்கடி லீடர், 50 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன். அதன் முனையில் பல்லுக்குத் தாக்குப்பிடிக்க ஓரடி முடிச்சுப் போடக்கூடிய கம்பி, இல்லாவிட்டால் 100 பவுண்டு ஃப்ளோரோகார்பன். கம்பியா, நரம்பா என்று மஸ்கிக்காரர்கள் இரவெல்லாம் சண்டை போடுவார்கள். நான் கம்பிக் கட்சி. இழந்தால் எனக்கு இரை போகும். ஆனால் முள்ளையும் ஓரடி நரம்பையும் வாயில் தொங்கவிட்டபடி நீந்தப் போவது மீன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ரீலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடல் மீன்போல மஸ்கி நூறு கெஜம் ஓடுவதில்லை. பெரும்பாலும் லைனைக் கையால் இழுத்தே மீனைக் கொண்டுவந்துவிடலாம். ரீல் லைனைச் சுற்றி வைக்க ஓர் இடம், அவ்வளவுதான். ஆகையால் காசைக் கோலிலும் லைனிலும் போடுங்கள். விரலுக்கு இழுவையுறை இரண்டு வாங்குங்கள். ஈர லைன் ஆள்காட்டி விரலை நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கும்.

இரைகளைப் பார்த்தால்தான் பித்து முழுமையாகப் பிடிக்கும். எங்கள் படகோட்டி திறந்து காட்டிய பெட்டி ஒரு கைப்பெட்டி அளவுக்கு இருந்தது. உள்ளே வரிசையாகக் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தன, எட்டு அங்குலத்திலிருந்து பதினான்கு அங்குலம் வரை. வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு, மஞ்சளில் சிவப்பு. ஒன்றைக் கையில் எடுத்தேன். ஆறாம் பூஜ்ய முள், என் ஆள்காட்டி விரலைவிட அகன்ற வளைவு. அதைச் சுற்றி மான்வால் மயிர், நடுவே மினுக்கும் இழைகள், பின்னால் நீண்ட சேவல் இறகுகள். அவ்வளவு பெரிய உருவம், எடையோ ஒன்றுமில்லை. ஊதினால் உள்ளங்கையில் மூச்சுவிடுவதுபோல அசைந்தது.

இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்மையான கலைஞர்கள். நியூ ஜெர்சிக் கடற்கரையில் கோடுவரிப் பாஸ் மீனுக்காக இரை கட்டிய பாப் போபோவிக்ஸ், மான்வால் மயிரை முன்னோக்கி வைத்துக் கட்டிப் பிறகு பின்னால் மடக்கிவிடும் முறையைப் பரப்பினார். மயிர் குடைபோல விரிந்து நிற்கும், உள்ளே வெறும் காற்று. தண்ணீருக்குள் பெரிய மீன், காற்றில் தூக்கும்போது தண்ணீரையெல்லாம் உதறிவிட்ட ஒரு கொத்து மயிர். வர்ஜீனியாவைச் சேர்ந்த பிளேன் சாக்லெட் வேறு வழியில் போனார். சிறு உலோகத் தண்டுகளை ஒன்றோடொன்று கண்ணி கோத்து முதுகெலும்பு மாதிரி ஆக்கி, ஒவ்வொரு கணுவிலும் இழை கட்டி, தலையிலிருந்து வால்வரை மெலிந்து போகும்படி கத்தரித்தார். கேம் சேஞ்சர் என்று பெயர். இழுத்தால் நெளிகிறது, நிறுத்தினாலும் ஒரு நெளிவு மிச்சமிருக்கிறது. விஸ்கான்சினிலேயே வளர்ந்த லாரி டால்பெர்க் செய்த டைவர் இன்னொரு அதிசயம். மான்மயிரை இறுகச் சுற்றிக் கழுத்துப்பட்டி வைத்துச் செதுக்கியிருப்பார். சுண்டினால் குமிழி விட்டுக்கொண்டு முங்கும், விட்டால் மேலே எழும். ராபர்ட் டோம்ஸ் 2008இல் மஸ்கியை ஃப்ளையில் பிடிப்பதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஒரே மீனுக்காக இத்தனை பேர் இத்தனை இரவுகள் மயிரும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த மீன் சாதாரணமாகவா இருக்கும்?

நாங்கள் போனது ஹேவர்ட் என்னும் சிறிய ஊரைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்புகளுக்கு. இங்கே சிப்பெவா ஆறும் கொஞ்சம் தள்ளி ஃப்ளாம்போ ஆறும் ஓடுகின்றன. சிப்பெவா ஆற்றின் குறுக்கே 1920களில் அணை கட்டியதால் உண்டான 15,300 ஏக்கர் நீர்த்தேக்கமும் இங்கேதான். அந்த அணை எழுந்தபோது ஓஜிப்வே பழங்குடியினரின் ஊரும், காட்டரிசி வயல்களும், இடுகாடும் நீருக்குள் போயின. படகில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. தேக்கத்தில் மரங்களோடும் புதர்களோடும் மிதக்கும் சதுப்புத் திட்டுகள் உண்டு. பெரிய திட்டு ஒன்று காற்றடித்துப் பாலத்தை அடைத்துக்கொண்டால் ஊர்க்காரர்கள் படகுகளைத் திரட்டிக்கொண்டு வந்து, எல்லா எஞ்சினையும் முடுக்கி, தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விடுவார்கள். நிலத்தையே நகர்த்தி வைத்துவிட்டு மீன் பிடிக்கப் போகும் ஜனங்கள்!

ஆற்றில் போவதற்குத் தட்டையடிப் படகு. நடுவில் படகோட்டி துடுப்போடு உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தொடையை முட்டுக்கொடுத்து நிற்க வளைந்த சட்டம். முன்னால் நான். பின்னால் என் மனைவியின் தம்பி. மேடிசனில் மென்பொருள் எழுதுகிறவன், என் பேச்சைக் கேட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவன்.

வேலை என்ன? வீசுவது. கரையோர மரக்கட்டையை ஒட்டி வீசு, சுண்டிச் சுண்டி இழு, படகு வரை கொண்டுவா, மறுபடி வீசு. இதைப் பத்தாயிரம் வீச்சு மீன் என்பார்கள். கணக்கு எப்படியோ, காலையிலிருந்து மாலைவரை கை ஓயாது. நனைந்த பெரிய இரையைப் பலமுறை காற்றில் ஆட்டினால் தோள் கழன்றுவிடும். அதனால் இரையைத் தண்ணீரில் ஒருமுறை பட விட்டு, அந்த இழுவையிலேயே கோலை வளைத்து, பக்கவாட்டில் பின்னே கொண்டுபோய்த் தலைக்கு மேலாக முன்னே விடும் பெல்ஜியன் வீச்சைப் படகோட்டி சொல்லிக்கொடுத்தார். இரண்டு அசைவு, அறுபதடி. முள்ளும் காதுக்குப் பக்கத்தில் வராது. சரியாக அமைந்த வீச்சில் லைன் போகும்போது ஒரு சீறல் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மீனே வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கட்டத்தில் உண்மையாகவே தோன்றிவிட்டது.

"அத்தான், இதுல மீன் இருக்குன்னு யாராவது பாத்துருக்காங்களா?" என்றான் பின்னாலிருந்து.

"மாப்ள, பேசாம வீசு."

படகோட்டிக்கு எங்கள் மொழி தெரியாது, தொனி தெரிந்தது. துடுப்பை நிறுத்தாமலே சிரித்தார்.

பிறகு வந்தது முதல் துரத்தல். இதுதான் மஸ்கிக்கே உரிய மாயம். மற்ற மீன் கவ்வும் அல்லது கவ்வாது. மஸ்கி பின்தொடரும். கரையிலிருந்து படகுவரை, இரைக்கு ஓரடி பின்னால், அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். காட்டு மரங்களின் சாறு ஊறி நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதற்குள் ஆரஞ்சு இரை ஒளிர்ந்துகொண்டு வருகிறது. அதன் பின்னால் நீரின் நிறம் மட்டும் கொஞ்சம் கருக்கிறது. முதலில் நிழல் என்றுதான் நினைத்தேன். நிழலுக்குக் கண் இருந்தது. துடுப்புகள் சிவந்திருந்தன. முழங்காலுக்குக் கீழே எனக்கு உணர்வே இல்லை.

இரை படகை நெருங்கிவிட்டது. சாதாரணத் தூண்டிலில் இத்தோடு கதை முடிந்தது, தூக்கி மறுபடி வீச வேண்டியதுதான். மஸ்கியில் இங்கேதான் கதை தொடங்குகிறது. "எட்டு! எட்டு!" என்று கத்தினார் படகோட்டி.

நம் ஊரில் வண்டி உரிமத்துக்கு ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டுக் காட்டுவோமே, காலை ஊன்றாமல், நிறுத்தாமல், வளைவில் தடுமாறாமல்? அதே எட்டுதான். கோலின் முனையைத் தண்ணீருக்குள் இரண்டு மூன்று அடி அமிழ்த்தி, லீடர் மட்டும் கோல் முனைக்கு வெளியே இருக்க, அந்த நீளமான அடிப்பிடியை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு, படகோரத்தில் இரையை எட்டு வடிவில் ஓட்ட வேண்டும். மஸ்கி நீளமான மீன், குறுகிய வளைவில் திரும்ப அதனால் முடியாது. அகலமாகத் திருப்ப வேண்டும். திருப்பத்தில் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும். தப்பி ஓடப் பார்க்கும் இரைபோலத் தெரியும் அந்த நொடியில்தான், நேர்கோட்டில் வரும்போது இல்லாத வெறி மீனுக்கு வருகிறது. நிறுத்தினால் போயிற்று. மேலே தூக்கினால் போயிற்று.

அந்த முதல் மீன் ஒரு வளைவு வந்தது, என்னைப் பார்த்தது, அமிழ்ந்து போனது. படகில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மைத்துனன் அதன்பிறகு ஒரு வார்த்தை நக்கலாகப் பேசவில்லை. வீச்சில் அவனுக்கு வந்த சிரத்தையைப் பார்க்க வேண்டுமே! மஸ்கி முள்ளில் மாட்டாமலேயே மனிதனைப் பிடித்துவிடும் என்பதற்கு அவனே சாட்சி.

இன்னொரு பிற்பகல், வானம் மூடி, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆற்றின் உள்வளைவில் சரிந்து கிடந்த பைன் மரத்தின் நுனியில் இரை விழுந்தது. மூன்று சுண்டு, ஒரு நிறுத்தம். மூன்று சுண்டு, ஒரு நிறுத்தம். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எட்டு போடத் தொடங்கினேன், ஏனென்றால் படகோட்டியின் கட்டளை அது. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் எட்டு. முதல் வளைவு முடிந்து இரண்டாவது வளைவில் இரை வெளிப்பக்கம் போனபோது, படகுக்கு அடியிலிருந்து அது வந்தது.

செவுள் மூடிகள் இரண்டும் விரிந்ததைப் பார்த்தேன். வாய்க்குள்ளிருந்த வெள்ளையைப் பார்த்தேன். இரை இருந்த இடத்தில் இரை இல்லை. பக்கவாட்டில் கவ்வியிருந்தது, ஆரஞ்சு வால் மட்டும் தாடையின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவும் என் கோல் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள். "கோலைத் தூக்காதே, இழு!" என்று யாரோ கத்தினார்கள். இடது கையால் லைனைப் பின்னுக்கு இழுத்தேன், இடுப்பைத் தாண்டி, முழு பலத்தோடு. எலும்புத் தாடையில் முள் ஏறியதும் லைன் கல்லில் கட்டி இழுத்த கயிறுபோல் இறுகியது. அடுத்த நொடி மீன் தலையை இருபுறமும் உதற, என் முகம், சட்டை, படகோட்டியின் தொப்பி எல்லாம் ஆற்றுத் தண்ணீர். ஒரு முறை முழு உடம்போடு வெளியே வந்து விழுந்தது. படகுக்கு அடியில் புகுந்தது. பத்தாம் நம்பர் கோல் கைப்பிடிவரை வளைந்து தண்ணீருக்குள் போனது. நேரம் என்னவோ சில நிமிடங்கள்தான். மஸ்கி ஓடிக் களைக்கும் மீன் இல்லை, குத்துச்சண்டைக்கார மீன். அந்தச் சில நிமிடத்தை நான் இன்னமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

"அத்தான் விட்றாதீங்க! அத்தான் விட்றாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரே அலறல்.

ரப்பர் பூசிய பெரிய வலைக்குள் மீன் வந்ததும், படகோட்டி அதைத் தண்ணீரிலிருந்து தூக்கவே இல்லை. வலையே தொட்டியாகப் படகோரத்தில் மீன் நின்றது. நீண்ட மூக்குக் குறடு, தாடை விரிப்பான், முள்ளையே துண்டிக்கும் வெட்டுக்குறடு மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தன. இவை இல்லாமல் மஸ்கிக்குப் போகிறவர் தனக்கும் மீனுக்கும் துரோகம் செய்கிறார். முள் தாடையின் மூலையில் இருந்ததால் ஒரே திருப்பில் வந்துவிட்டது. அளவுகோலை வைத்தார்: 42 அங்குலம். இரண்டு கையாலும் ஏந்தி ஒரே ஒரு படம். பிறகு வாலடியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்துக்கு எதிராக வைத்திருந்தேன். பிடிக்குள் அந்தத் தசை மெல்ல இறுகியது. ஒரே உதை. என் முகத்தில் மறுபடியும் தண்ணீர்.

40 அங்குலம் தாண்டினால் வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த மாநிலத்துப் பொது விதி. எங்கள் படகில் அந்தப் பேச்சே எழவில்லை. 50 அங்குலத்தைத் தொட ஒரு பெண்மீனுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும். அத்தனை காலம் வளர்ந்ததை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முடித்துவிட முடியுமா? பிடித்ததை விட்டுவிடும் பழக்கத்தை மஸ்கிக்காரர்களிடையே வேரூன்றச் செய்ததில், 1966இல் மினசோட்டாவில் தொடங்கிய மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட் என்னும் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கோடையில் நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நல்ல மஸ்கிக்காரர்கள் கோலை மடக்கிவிடுவார்கள். சூடான நீரில் போராடிய மீனை விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த ஒழுக்கமும் எனக்கு இந்த விளையாட்டின் மேல் ஆசையைக் கூட்டியது.

ஹேவர்டுக்குப் போகிறவர்கள் நன்னீர் மீன்பிடிப் புகழ்மண்டபத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அங்கே 143 அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடியிழை மஸ்கி, நாலரை மாடி உயரம். அதன் வயிற்றுக்குள் ஏறிப்போய்க் கீழ்த்தாடையில், பற்களுக்கு நடுவே நின்று ஊரைப் பார்க்கலாம். அங்கே நின்றால் பழைய சண்டையும் காதில் விழும். 1949 ஜூலையில் கால் ஜான்சன் பக்கத்து ஏரியில் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் லூயி ஸ்ப்ரே சிப்பெவா தேக்கத்தில் 69 பவுண்டு 11 அவுன்ஸ், ஏறத்தாழ முப்பத்தொன்றரை கிலோ, பிடித்ததாக அறிவித்தார். சர்வதேச மீன்பிடிச் சங்கம் ஜான்சனின் மீனைச் சாதனை என்கிறது, புகழ்மண்டபம் ஸ்ப்ரேயின் மீனை. பழைய புகைப்படங்களை அளந்து சந்தேகம் கிளப்பியவர்கள் ஏராளம். ஆனாலும் 2006இல் புகழ்மண்டபம் விசாரித்து ஸ்ப்ரேயின் பக்கமே நின்றது. முக்கால் நூற்றாண்டுக்கு முந்திய இரண்டு மீன்களுக்காக ஊரே இன்றும் கட்சி பிரிந்து வாதாடுகிறது. இப்படிப்பட்ட ஊரை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

போக நினைப்பவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. முதலிலேயே சாமான் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். நல்ல படகோட்டியைப் பிடியுங்கள், கோல், லைன், இரை எல்லாம் பெரும்பாலும் அவரிடமே இருக்கும். மீன்பிடி உரிமத்தை இணையத்திலேயே எடுத்துவிடலாம். மழைச்சட்டையும், குளிர் தாங்கும் உடையும், கண்ணைக் காக்கவும் நீருக்குள் பார்க்கவும் போலராய்டு கண்ணாடியும் உங்களுடையதாக இருக்கட்டும். அந்தக் கண்ணாடி இல்லாமல் போனால் துரத்தி வரும் மீனே தெரியாது, பாதி இன்பம் போச்சு. பயணத்துக்கு முன் ஒரு மாதம் பக்கத்து மைதானத்தில் பெரிய இரையைக் கட்டி வீசிப் பழகுங்கள், முள்ளை வெட்டிவிட்டு. பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

வெறுங்கையோடு திரும்பினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மறுபடி போவீர்கள், அதைத்தான் செய்வீர்கள். என் மைத்துனனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு மீனும் மாட்டவில்லை. துரத்தல் மட்டும்தான். ஊருக்குத் திரும்பிய வாரமே பதினொன்றாம் நம்பர் கோல் வாங்கிவிட்டான். இப்போது சாப்பாட்டு மேசையில் மான்வால் மயிர் பறப்பதாக அவன் மனைவி என் மனைவியிடம் புகார் சொல்கிறாள். புகார் நியாயமானதுதான், நாங்கள் திருந்துவதாக இல்லை. அடுத்த அக்டோபருக்குப் படகு சொல்லியாகிவிட்டது. நீங்களும் வாருங்கள். கை வலித்தாலும், மழை பெய்தாலும், காலையிலிருந்து ஒன்றுமே கண்ணில் படாவிட்டாலும், ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோலை அமிழ்த்தி எட்டு போடுங்கள். சோம்பல்பட்டு விட்ட அந்த ஓர் எட்டுக்கு அடியில்தான் அது நின்றுகொண்டிருக்கும்.